ஜெசிந்தா பார்த்த ஊமைப்படம்

கட்டுக்கலை, கண்டி
14.09.1986

அன்புள்ள அத்தானுக்கு, கத்தரீனா எழுதுவது. மாதாவின் தயவால் எனக்கும் மகளுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனம்தான் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. டுபாய் வெயிலில் தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

மடவளை முஹ்ஸின் நானா அங்கிருந்து லீவில் வந்தபோது நீங்கள் பேசி அனுப்பிய கெசட்டைத் தந்துவிட்டுப் போனார். ஜெசிந்தாவுக்கு இரண்டு காதும் கேட்காது என்று டொக்டர் சொன்னதை விவரமாக எழுதியிருந்தேன். நீங்களோ, "நாலு வயசுல சில புள்ளைங்க பேசாது, அப்பான்னு சொல்ல வச்சு ரெக்கோட் பண்ணி அனுப்பு" என்கிறீர்கள். இல்லையென்றால் நத்தார் பண்டிகைக்கு நீங்கள் வருமுன்னே செவிட்டுப் பிள்ளைகளின் விடுதியில் சேர்க்கச் சொல்கிறீர்கள். கெசட் ஓடும்போது அவள் ரெக்கோடர்மேல் கையை வைத்து, அது அதிர்வதை உணர்ந்து சிரித்தாள். உங்கள் குரல் அவளுக்கு அவ்வளவுதான் அத்தான். எனக்கு அழுகையும் வந்தது, உங்கள்மேல் கோபமும் வந்தது.

போன மாதம் ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் மண்டபத்தில் ஊமைப்படம் காட்டப்போவதாக ஃபாதர் அறிவித்தார். உடனே நாலு பேர் திரும்பி ஜெசிந்தாவைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு மேபல் அக்கா வேறு, "ஒங்க புள்ளைக்கு ஏத்த படம்" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாளாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீம்புக்கென்றே மகளை இழுத்துக்கொண்டு போய் முன்வரிசைக் கதிரையில் உட்கார்ந்தேன்.

படம் தொடங்கியதும் பின்னால் ஒரே கூச்சல். மெஷின் பழுதாகிவிட்டது என்று நினைத்து, "சவுண்ட்! சவுண்ட்!" என்று கத்திக் கதிரைகளைத் தட்டினார்கள். ஃபாதர் எழுந்து, படமே இப்படித்தான் என்று சொல்லவேண்டியதாயிற்று. அத்தனை அமளியிலும் அசையாமல் படம் பார்த்தவள் உங்கள் மகள் ஒருத்திதான்.

ஒல்லியான ஒருவன் காற்றில் பறந்த தொப்பியைத் துரத்துகிறான். எனக்குக் கொட்டாவி வந்தது. இடையிடையே வரும் ஆங்கில எழுத்தை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள், எழுத்தைப் பார்க்காதே, அவன் முகத்தைப் பார் என்பதுபோல. பார்த்தேன். மேசையில் இரண்டு கோப்பை வைத்துவிட்டு அவன் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். யாரும் வரவில்லை. அவன் தோள் மட்டும் கொஞ்சம் இறங்கியது. எனக்கு முன்பே மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகுதான் கவனித்தேன், அந்த மனிதன் ஊமையே இல்லை. வாய் ஓயாமல் பேசுகிறான். நமக்குத்தான் கேட்கவில்லை. வெளியே வந்ததும் மேபல் அக்காவிடம் அதைச் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், இன்னும் பேச்சில்லை. பரவாயில்லை.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் போகிறோம். வீட்டில் நான் முகத்தாலும் கையாலும் பேசிப் பழகுகிறேன். உங்கள் ரூமில் வீடியோ டெக் இருக்கிறதாமே. சண்டைப்படத்தை விட்டுவிட்டு இந்த மாதிரிப் படங்கள் கிடைத்தால் பாருங்கள். முதலில் சலிக்கும், எழுந்து போய்விடாதீர்கள். படிக்க வைக்க வேண்டாமென்று நான் சொல்லவில்லை. நீங்கள் வந்து பார்க்காமல் அவளை எந்த விடுதிக்கும் அனுப்பமாட்டேன். என்னைத் திட்டுவதானால் திட்டுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கட்டுநாயக்கா ஏர்போட்டில் இறங்கியதும் தூரத்தில் நின்று அவள் பெயரைக் கூப்பிடாதீர்கள். அவள் திரும்பமாட்டாள். அப்போது உங்கள் முகம் வாடிப்போகும். பிறகு அவள் பார்க்கும்போது, வேறொன்றும் தெரியாவிட்டாலும், அதை மட்டும் கண்டுபிடித்துவிடுவாள். நேரே அவள் முன்னால் வந்து குந்துங்கள், சிரியுங்கள். சிரிப்பு வராவிட்டால், வரும்வரை அங்கே ஏதாவதொரு தூணுக்குப் பின்னால் நில்லுங்கள் அத்தான். நாங்கள் காத்திருப்போம்.

மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்,
கத்தரீனா