பாதியில் பாதி

பிப்ரவரி 6

அன்புள்ள நர்ஸ் அக்காவுக்கு,

இந்த வாரத்து ரத்த அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். விரலில் குத்திய ரத்தத்தால் வட்டங்கள் எல்லாம் நிறைந்திருக்கின்றன. "கூட்டத்துல வாயே திறக்க மாட்டேங்கிற, அட்டையோட எனக்கு நாலு வரி எழுதிப் போடு" என்று நீங்கள் சொன்னதால்தான் எழுதுகிறேன். டாக்டர், உணவு ஆலோசகர், மனநல ஆலோசகர் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து என்னைப் பார்த்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது. அம்மாதான் எனக்கும் சேர்த்துப் பேசுகிறாள்.

எனக்கு ஆகாத புரதத்தின் அளவு காய்ச்சலில் ரத்தத்தில் ஏறியதென்று சாப்பாட்டைக் குறைத்தீர்களே, இப்போது சோறு தட்டின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. சரி, பரவாயில்லை.

தையல் கடை பிடித்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் என் மருந்துப் பாலைப் பார்த்தாலே மூக்கைப் பொத்துவார்கள். இங்கே யாரும் பொத்துவதில்லை. நேற்று மாஸ்டர் எல்லோருக்கும் முட்டை வைத்த பன் வாங்கினார். என் பங்கை நன்றாக மோந்து பார்த்துவிட்டுப் பக்கத்து மெஷின் அக்காவிடம் கொடுத்தேன். "என்னடி, பன்னுக்கு முத்தமா குடுக்கிற?" என்றாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இதை உங்களுக்கு மட்டும்தான் சொல்கிறேன்.

உங்கள் ஊசிக்காரி

பிப்ரவரி 19

என் ஊசிக்காரிக்கு,

கடையிலும் ஊசி, விரலிலும் ஊசி. உனக்கு நான் வைத்த பெயர் பொருத்தம்தான்.

நல்ல செய்தி சொல்ல ஆசை. ஆனால் அளவு இன்னும் ஏறியிருக்கிறது. கூட்டத்தில் எல்லோருக்கும் கவலை. உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், உனக்கு உதவும் என்றுதான். வெளியே சாப்பிடும் ஆசை வந்துவிட்டது என்கிறார் மனநல ஆலோசகர். அலமாரியைப் பூட்டி வைக்கும்படி அம்மாவிடம் டாக்டர் சொல்லியிருக்கிறார். கோபப்படாதே, கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்த பன்னில் ஒரு வாயாவது சாப்பிட்டாயா? உண்மையைச் சொல்லிவிட்டால் வழி பார்க்கலாம்.

அன்புடன்,
நர்ஸ் அக்கா

பிப்ரவரி 27

நர்ஸ் அக்காவுக்கு,

சாப்பிடவில்லை. மோந்து பார்த்தேன். மோந்து பார்ப்பதிலும் புரதம் இருக்கிறதா என்று டாக்டரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

உங்களுக்கு மட்டும் என்று எழுதியதை ஏன் அங்கே படித்தீர்கள்? அலமாரியில் பூட்டு தொங்குகிறது. வீட்டில் திருடி நான்தான். தங்கை பிஸ்கட் கேட்டாலும் அம்மா முதலில் என் முகத்தைப் பார்க்கிறாள். "ஊதிக் காட்டுடி" என்று நேற்று என் வாயை மோந்து பார்த்தாள். "எங்ககிட்டேருந்துதானே உனக்கு இந்த வியாதி வந்துச்சு, நாங்க பாக்காம வேற யாரு பாக்கிறது" என்று அவளே அழுகிறாள். நான் யாரைத் திட்டுவது?

திருட்டுத்தனமாகத் தின்கிறவள் பாவாடையைப் பிடித்துத் தைப்பாளா? இரண்டு தடவை பிடித்துவிட்டேன், இன்னும் நழுவுகிறது. "உனக்குத் தைக்கிறதுக்கே உனக்கு சம்பளம் குடுக்கணும் போல" என்கிறார் மாஸ்டர்.

ஊசிக்காரி

மார்ச் 8

என் கண்ணே,

பாவாடையைப் பற்றிப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. உடனே அம்மாவுக்குப் போன் போட்டு, மருந்துக் கடைக்குக் கூட்டிப்போய் உன்னை எடை பார்க்கச் சொன்னது அதற்குத்தான். எடை நிறையக் குறைந்திருக்கிறது. அட்டை தபாலில் வந்துவிடுகிறது என்று நாங்கள் உன் உடம்பையே பார்க்காமல் விட்டோம்.

நடந்தது இதுதான். சோற்றைப் பாதியாக்கும்படி டாக்டர் உன் அம்மாவுக்குப் போனில் சொன்னார். மறுநாள் உணவு ஆலோசகரும் தனியாகக் கூப்பிட்டு அதையே சொன்னார். டாக்டர் ஏற்கனவே சொன்னது அவருக்குத் தெரியாது. அம்மா இருவருக்கும் சரி சொல்லி, பாதியைப் பாதியாக்கிவிட்டார். வயிறு காய்ந்தால் உடம்பு தன் சதையையே கரைக்கும். சதையும் புரதம்தானே, அதுதான் ரத்தத்தில் ஏறியது. நாங்கள் உன்னைச் சந்தேகப்பட்டோம். ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுகிறோம் என்று பெருமை வேறு.

சாப்பாட்டைக் கூட்டச் சொல்லியாகிவிட்டது. இனி உணவு ஆலோசகர் ஒருவர்தான் அளவு சொல்வார். டாக்டர் உன் அம்மாவிடம் வருத்தம் தெரிவித்தார். நானும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கடிதத்தை நிறுத்திவிடாதே.

நர்ஸ் அக்கா

மார்ச் 20

மதிப்பிற்குரிய நர்ஸ் அவர்களுக்கு,

அட்டை இதோடு இருக்கிறது. சோறு தட்டின் நடுவுக்கு வந்துவிட்டது. பூட்டை அம்மா கழற்றிவிட்டாள். ஆணி அடித்த துளையை நான் அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் பார்க்கிறேன், அவளும் பார்க்கிறாள்.

டாக்டர் என் அம்மாவிடம் வருத்தம் தெரிவித்தார் என்று எழுதியிருந்தீர்கள். பட்டினி கிடந்தது அம்மா இல்லை.

நீங்கள் நல்லவர்தான். பாவாடையைக் கவனித்தது நீங்கள் மட்டும்தான். ஆனால் இனி அட்டை மட்டும்தான் வரும், கடிதம் வராது. நான் எழுதி, நீங்கள் படித்து, அவர்கள் அர்த்தம் சொல்வது போதும். அடுத்த கூட்டத்துக்கு நானே உள்ளே வருகிறேன். அம்மா வெளியே உட்காரட்டும். நாக்கு ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். அது பிரியும்வரை நீங்கள் எல்லோரும் பேசாமல் காத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நான்