சபைப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம்

தேரூர்,
6 ஆகஸ்ட் 2023

ஏட்டி ஆன்ஸ்லின்,

சுகமாக இருக்கிறாயா? நாமக்கல் வெயில் உன்னை என்ன பாடு படுத்துகிறது? கோச்சிங் ஹாஸ்டலில் போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை வீட்டாரோடு கொஞ்ச நேரம் பேசலாம், அவ்வளவுதான் என்று உன் அம்மா சொன்னார்கள். அதனால் தபாலாபீசுக்குப் போய்க் கவர் வாங்கினேன். அங்கே இருந்த அண்ணன், "யாருக்கு மக்கா லெட்டர்?" என்று ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பொம்பளப் பிள்ளைக்குத்தான் அண்ணா" என்று சொல்லித் தொலைத்தேன். கடிதங்களை வார்டன் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்களாம். வணக்கம் மேடம், நான் நல்ல பிள்ளைதான்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்துவிட்டது. தூத்துக்குடி அரசுக் கல்லூரி. அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில்தான். கலந்தாய்வுக்கு அப்பாவும் நானும் சென்னைக்குப் போனோம். அப்பா கல்யாணத்துக்குக் கட்டுகிற வேட்டியைக் கட்டிக்கொண்டு, கூட்டத்தில் யாராவது மிதித்துவிடுவார்களோ என்று நாள் முழுக்க அதைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். என் பெயரைக் கூப்பிட்டபோது நான் முதலில் திரும்பிப் பார்த்தது உன்னைத்தான். நீ அங்கே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

நீட் தேர்வில் உன்னைவிட எவ்வளவோ குறைவாக வாங்கியவள் நான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்கூட மாடிப்படியில் உட்கார்ந்து எனக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள் நீ. உன் விரல் பட்டுப் பட்டு, என் நோட்டைத் திறந்தாலே மீன் மணக்கிறது என்று அம்மா சண்டை போட்டாள் அல்லவா? அந்த நோட்டை நான் இன்னும் தூரப் போடவில்லை.

ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ் வாங்கப் போன அந்த நாளை நான் இன்னும் மறக்கவில்லை. சத்தியபாய் டீச்சர் உன் டி.சி.க்களைப் புரட்டிவிட்டு, "மக்கா, ஆறு, ஏழு, எட்டு நீ சர்ச் சபைப் பள்ளிக்கூடத்துலல்லா படிச்சிருக்க? அது அரசு உதவி பெறுகிற பள்ளிக்கூடம். ஆறுலேருந்து பன்னெண்டு வர முழுக்க அரசுப் பள்ளியா இருந்தாத்தான் ஒதுக்கீட்டுல வரும்" என்றார்கள். உன் அப்பா, "டீச்சர், அங்கயும் பீஸ் கெடயாது. சத்துணவு உண்டு. சாருமாருக்குச் சம்பளம் சர்க்காருதான குடுக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். உங்கள் மயிலாடியில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். பீஸ் வாங்கினால் அது இங்கிலீஷ் பள்ளிக்கூடம், வாங்காவிட்டால் சர்க்கார் பள்ளிக்கூடம். நம் ஊர்க் கணக்கு அவ்வளவுதான்.

நீ அடுத்த வருடம் எந்த ஒதுக்கீடும் இல்லாமலே வருவாய். அது எனக்கு நிச்சயம். பதில் போடு.

உன்,
ஆதிரா


தூத்துக்குடி,
17 செப்டம்பர் 2023

அன்புள்ள ஆன்ஸ்லின்,

இதற்கு நடுவில் இரண்டு கடிதம் போட்டுவிட்டேன், பதில் இல்லை. வார்டன் தரவில்லையா, நீ எழுதவில்லையா? வார்டன் தரவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் மேடம், நீங்கள் செய்வது நன்றாக இல்லை.

இங்கே வகுப்பு தொடங்கிவிட்டது. வெள்ளைக் கோட்டு எனக்குத் தொளதொளவென்று தொங்குகிறது. அனாடமி அறைக்குள் போன முதல் நாள் தலை சுற்றி வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன். நீ என்றால் முன்வரிசையில் போய் நின்றிருப்பாய். எங்கள் மாடு செவலைக்கு மாட்டு டாக்டர் ஊசி போட வந்த அன்று நான் வைக்கோல்போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன், நீதான் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன் காதில் என்னவோ பேசிக்கொண்டிருந்தாய்.

போன வாரம் ஊருக்குப் போனபோது உன் வீட்டுக்கும் போனேன். உன் அம்மா சாயா போட்டுத் தந்தார்கள். உன் அப்பா ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார், "நல்லாப் படி மக்கா" என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை. பஸ்ஸில் வரும்போது அழுகை வந்துவிட்டது.

நான் ஒன்று யோசித்துவைத்திருக்கிறேன். இந்த இடத்தை விட்டுவிடுகிறேன். எனக்கு விவசாயப் படிப்பு கிடைக்கும், அப்பாவுக்கும் அது ஒத்துப்போகும். நீ படிக்கவேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்ற நினைப்போடு ஐந்தரை வருடம் என்னால் தள்ள முடியாது. நீ என்ன சொல்கிறாய்?

பதிலுக்குக் காத்திருக்கும்,
ஆதிரா


நாமக்கல்,
1 அக்டோபர் 2023

ஆதிராவுக்கு,

வார்டன் எல்லாக் கடிதமும் தந்தார்கள். நான்தான் எழுதவில்லை. எழுதினால் நல்லதாக எதுவும் வராது என்று தெரிந்ததால் எழுதவில்லை. இப்போதும் அப்படித்தான், ஆனால் நீ இப்படி ஒரு கிறுக்குத்தனம் எழுதிய பிறகு சும்மா இருக்க முடியாது.

இடத்தை விடுகிறாளாம். நீ விட்டால் அது எனக்கு வருமா? உன் பட்டியலில் உனக்குக் கீழே நிற்கிற, நான் பார்த்தேயிராத ஒரு பிள்ளைக்குப் போகும், இல்லையென்றால் யாருக்கும் இல்லாமல் காலியாகக் கிடக்கும். உன் வீட்டில் அழுவார்கள், என் வீட்டிலும் அழுவார்கள், நான் இதே பெஞ்சில் இதே கேள்வித்தாளோடு இருப்பேன். எனக்காக என்று சொல்லிக்கொண்டு நீ உன் மனபாரத்தை இறக்கிவைக்கப் பார்க்கிறாய். அதற்கு நான் ஆளில்லை.

அந்த ஒதுக்கீட்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை. நம் வகுப்பில் கோச்சிங் என்ற வார்த்தையையே கேட்காத எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாதா? அது வேண்டும். என் கோபம் அந்த மூன்று வருடத்தின் மேல்தான். எங்கள் வீட்டில் எல்லோரும் அங்கேதான் படித்தார்கள். கோயில் மணி அடித்தால் ஜெபம், அடுத்த மணிக்கு வகுப்பு. பிள்ளையை வேறெங்காவது சேர்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, தோன்ற நியாயமும் இல்லை. அப்பாவைத் திட்டக்கூட வழியில்லை. போனில் அவர் "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறார்.

உன் மேலும் கோபம் உண்டு, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். உன் வெள்ளைக் கோட்டைப் பற்றி எழுதியிருந்த இடத்தை நான் படிக்கவில்லை, தாண்டிவிட்டேன். அப்புறம் போய்ப் படித்தேன்.

நான் ஏன் டாக்டருக்கு என்று அலைகிறேன் என்று நீ ஒருதடவையும் கேட்டதில்லை. தங்கச்சி ரெஜிலா பிறந்தபோது அம்மாவுக்கு ரொம்ப மோசமாகிவிட்டது. எனக்கு அப்போது எட்டு வயது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு டாக்டரம்மா ஓடி வந்து உள்ளே போனார்கள். வெகுநேரம் கழித்து வெளியே வந்து, என் முன்னால் குனிந்து, "தங்கச்சி வந்தாச்சு, அம்மாவும் நல்லாருக்கா" என்று சொன்னார்கள். நான் தலைகுனிந்து நின்றதால் அவர்கள் கால்தான் கண்ணில் பட்டது. ஒன்றில் நீலச் செருப்பு, ஒன்றில் கறுப்பு. கூப்பிட்டதும் எது கிடைத்ததோ அதை மாட்டிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்கள். அப்படி ஒருநாள் நானும் ஓடவேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஆகையால் நீ ஒழுங்காக அங்கேயே இருந்து படி. எழுதுவதென்றால் இந்த அழுகையெல்லாம் வேண்டாம். என்ன படித்தாய், என்ன பார்த்தாய், அதை எழுது.

ஆன்ஸ்லின்


தூத்துக்குடி,
26 நவம்பர் 2023

அன்புள்ள ஆன்ஸ்லின்,

நீ திட்டியதில் பாதி பயம் போய்விட்டது. இருக்கிறேன், படிக்கிறேன். மீதிப் பயம் அனாடமி மேடத்தின் மேல்.

கையெலும்பு முடிந்தது. மணிக்கட்டில் எட்டுக் குட்டி எலும்புகள். அவற்றின் பெயரை வரிசையாகச் சொல்லச் சொன்னார்கள். நீ படிக்கட்டில் செய்த மாதிரி ஒவ்வொன்றுக்கும் நம் வகுப்பு ஆட்களின் பெயரை வைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன். கட்டைவிரலைத் தாங்குகிறதே, அந்த எலும்பு நீதான்.

அப்பா போன் செய்தார். "ஏட்டி, செவலை ரெண்டு நாளா சரியாத் தீனி எடுக்கல்ல, என்ன செய்யட்டு?" என்று கேட்டார். நான் மனுஷக் கையையே இப்போதுதான் முடித்திருக்கிறேன் என்றேன். "டாக்டருக்குப் படிக்கான்னு ஊரு முழுக்கச் சொல்லியாச்சு. மாட்டுக்கு ஒண்ணும் தெரியாதுன்னா எப்பிடி?" என்று கோபித்துக்கொண்டார். அப்புறம் தானாகவே, "அந்த ஆன்ஸ்லின் பிள்ளன்னா கிட்ட போய்த் தொட்டாவது பாத்திருக்கும்" என்றார். எனக்கு ரோஷம் வந்தது, ஆனால் உண்மைதானே. செவலை இப்போது நன்றாகத் தின்கிறது, நீ கவலைப்படாதே.

கிறிஸ்துமசுக்கு உனக்கு லீவு உண்டா? நான் வந்தால் கேக் தருவியா, இல்லை இன்னும் கோபம்தானா?

உன்,
ஆதிரா


மயிலாடி,
9 ஜூன் 2024

அன்புள்ள ஆதிரா,

நீ போனில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாய், எடுக்காததற்கு வருத்தப்படாதே. உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருடத்தைவிட எனக்கு நீட் மதிப்பெண் நன்றாகவே கூடியிருக்கிறது. இந்த மதிப்பெண்ணைப் போன வருடம் வாங்கியிருந்தால் உன் பக்கத்து பெஞ்சில் இருந்திருப்பேன். இந்த வருடம் எல்லோருக்கும் கூடிவிட்டது. கோச்சிங்கில் இருந்து கூப்பிட்டு, தெரிந்தவரை இடம் வர வழியில்லை, இன்னொரு வருடம் இருந்து பார் என்றார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் முடியாது என்றேன். அந்த ஹாஸ்டல் கட்டிலில் இன்னொரு வருடம் படுத்தால் நான் வேறு யாரோ ஆகிவிடுவேன். நர்சிங், பார்மசி என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை.

வெள்ளிக்கிழமை வீட்டில் ஒன்று நடந்தது, அதைச் சொல்லவேண்டும். ரெஜிலா ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். அப்பா ஒருவரிடமும் சொல்லாமல் அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் அரசுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு வந்தார். சாயங்காலமே சபையில் இருந்து கிளீட்டஸ் சார் வந்துவிட்டார். "செல்வதாஸ், சபப் பிள்ளைய வெளிய கொண்டு போறியா? நீயே இப்படிச் செய்தா மத்தவன் என்ன செய்வான்?" என்று கேட்டார். அப்பா சபைக் கமிட்டியில் இருக்கிறவர், கிளீட்டஸ் சார் முன்னால் உட்காரக்கூட மாட்டார். நின்றுகொண்டே சொன்னார்: "சாரு, அங்க படிச்சா ஒரு வாசல் கூடுதலா இருக்கு. இவ அதுல போவாளோ, மாட்டாளோ. வாசல் தொறந்து கெடக்கட்டு."

சார் போன பிறகு, இந்த ஒரு வருடத்தில் முதல்முறையாக அப்பா என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அது போதும் ஆதிரா.

ரெஜிலாவுக்கு டாக்டராக ஆசை இல்லையாம். களியக்காவிளை பஸ் ஓட்டவேண்டுமாம்.

ஆன்ஸ்லின்


தூத்துக்குடி,
13 ஜூன் 2024

அன்புள்ள ஆன்ஸ்லின்,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. அழவேண்டாம் என்று நீ போட்ட சட்டம் போன வருடத்தோடு முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு அழுதேன்.

இப்போது சொல்லப்போவதைக் கேட்டு உனக்குக் கோபம் வந்தால் கடிதத்தைக் கிழித்துவிடு, என்னை விட்டுவிடாதே. கால்நடை மருத்துவத்துக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்தான். உன் மதிப்பெண்ணுக்குக் கட்டாயம் கிடைக்கும். விண்ணப்பிக்க அடுத்த வாரம் வரை நேரம் இருக்கிறது. போன வருடம் நான் இதைச் சொன்னபோது உன் அப்பா "மாட்டு டாக்டருக்கா?" என்று கேட்டதும், நீ எழுந்து உள்ளே போய்விட்டதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் இங்கே வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு உனக்கு இதைச் சொல்வது அசிங்கமாகவும் இருக்கிறது. ஆனால் நீ கயிற்றைப் பிடித்துக்கொண்டு செவலையின் காதில் பேசியதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அதனால் மறுபடியும் நானே சொல்கிறேன்.

அப்படி என்னதான் பேசினாய் அதனிடம்?

உன்,
ஆதிரா


ராமையன்பட்டி, திருநெல்வேலி,
24 நவம்பர் 2024

என் ஆதிராவுக்கு,

போன் கையிலேயே இருக்கிறது. நேற்றும் உன்னோடு பேசினேன். ஆனாலும் இதை எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது.

நீ ஜூன் மாதம் எழுதியதைப் படித்துவிட்டு உண்மையிலேயே கிழித்தேன். அப்புறம் அம்மாவின் கோதுமை மாவுப் பசை போட்டு ஒட்டினேன். விண்ணப்பம் போடும்போதும் விருப்பம் இல்லை. கால்நடைக் கல்லூரியில் இடம் வந்தபோதும், வருகிறது, போவோம் என்றுதான் வந்தேன். அப்பாதான் ஆட்டோ ஸ்டாண்டில் எல்லோருக்கும் சாயா வாங்கிக் கொடுத்தாராம். ஒருவர் "மாட்டு டாக்டரா?" என்று கேட்டதற்கு, "டாக்டருடே. மாடு வாயத் தொறந்து சொல்லாதுல்லா, அதனால கூடப் படிக்கணும்" என்று சொன்னாராம். இதை எனக்குச் சொன்னது ரெஜிலா.

இன்று விடிந்ததும் எங்கள் ஹாஸ்டலுக்கு ஆள் வந்தது. பண்ணையில் ஒரு பசு கன்று போட முடியாமல் நிற்கிறது, பார்க்க விரும்புகிறவர்கள் வாருங்கள் என்றார்கள். எல்லோரும் ஓடினோம். சார் முழங்கை வரை உள்ளே விட்டுக் கன்றின் காலைத் திருப்பிக்கொண்டிருந்தார். பசு மிரண்டு உதைத்தது. தலையை யாராவது பிடியுங்கள் என்றார். நான் போய்ப் பிடித்தேன். அதன் காதில் பேசினேன். என்ன பேசினேன் என்று நீ கேட்டாய் அல்லவா? பெரிதாக ஒன்றும் இல்லை. "இன்னா இப்ப முடிஞ்சிரும், இன்னா இப்ப முடிஞ்சிரும்." அவ்வளவுதான். கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. கொஞ்ச நேரம் அசையவில்லை. சார் மூக்கைத் துடைத்துவிட்டு விலாவைத் தேய்க்கச் சொன்னார். தேய்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தும்மல் போட்டது. பசு திரும்பி அதை நக்கியது, கூடவே என் கையையும் நக்கியது.

உன் அப்பாவிடம் சொல், செவலை தீனி எடுக்காவிட்டால் இனி உன்னைக் கேட்கவேண்டாம் என்று.

கை கழுவிவிட்டு ஹாஸ்டலுக்குத் திரும்பி வந்தேன். என் அறைத்தோழி ஜாஸ்பின், புதுக்கடை ஊர்ப் பிள்ளை, வாசலில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு, "ஏட்டி, என் செருப்ப எங்க கொண்டு போன?" என்று கத்தினாள். குனிந்து பார்த்தேன். ஒரு காலில் என்னுடைய பச்சைச் செருப்பு, இன்னொரு காலில் அவளுடைய கறுப்பு.

அப்படியே படியில் உட்கார்ந்து சிரித்தேன், சிரிப்போடு அழுகையும் வந்தது. ஜாஸ்பின் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்குப் புரியும்.

உன்,
ஆன்ஸ்லின்