இரண்டு கேமராக்களும் ஒரு வளைகாப்பும்

பீரோவைத் திறந்தால் போதும், கேமரா பெட்டியின் வாசனை முகத்தில் வந்து மோதுகிறது. புது நுரைப்பஞ்சும் பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. காலை ஷிஃப்டில் நம் லைனில் முதல் ட்ரேயைப் பிரிக்கும்போது வருமே, அதேதான். வாங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் போகவில்லை. புடவையெல்லாம் கம்பெனி வாசனை அடிக்கிறது என்று அம்மா திட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஆமாம், வாங்கிவிட்டேன். எதை வாங்கினேன் என்றுதான் நீ முதலில் கேட்பாய். கொஞ்சம் பொறு. நீ போன பிறகு நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. அதை வரிசையாகச் சொன்னால்தான் இதுவும் புரியும்.

நாம் பேச ஆரம்பித்ததே கேமராவால்தான். நான் வல்லக்கோட்டைக்குப் பக்கத்து ஊர்க்காரி, வீட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவள். நீ அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்து தண்டலத்தில் ஹாஸ்டலில் இருந்தாய். செல்போன் பாகங்களை மாட்டும் லைனில் உனக்கு எனக்கு அடுத்த நாற்காலி. பஸ்ஸில் நான் கேமரா விமர்சன வீடியோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏட்டி, நானும் இதைத்தான் பாத்துட்டு இருக்கேன்" என்று உன் போனை நீட்டினாய். அதே வீடியோ. பாதியில் நின்றிருந்தது.

ஒப்பந்த வேலை எத்தனை நாளைக்கு என்று நம் இருவருக்கும் தெரியாது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை புதுசு புதுசாக வீடுகள் வருகின்றன, குடும்பங்கள் வருகின்றன, குழந்தைகள் பிறக்கின்றன. கல்யாணத்துக்குப் பெரிய ஸ்டுடியோக்காரர்கள் இருக்கிறார்கள். வளைகாப்பு, பிறந்தநாள், காதுகுத்து மாதிரிச் சின்ன விசேஷங்களுக்கு, பெண்கள் கூடும் இடங்களுக்கு, படமெடுக்க இரண்டு பெண்கள் வந்தால் நன்றாயிருக்கும் என்று நீதான் சொன்னாய். இரண்டு பேரும் சேர்ந்து முதலில் ஒரு கேமரா வாங்குவது என்று முடிவானது. எது என்பதில்தான் சண்டை.

ஆரம்பக்காரர்களுக்கு ஏற்ற மிரர்லெஸ் என்கிற ரகக் கேமராக்களில் இரண்டைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தோம். விலையில் பெரிய வித்தியாசமில்லை. ஒன்று சின்னது. கைப்பைக்குள் அடங்கும், திரையை எந்தப் பக்கமும் திருப்பலாம், ஆனால் கண் வைத்துப் பார்க்க வியூஃபைண்டர் கிடையாது. இன்னொன்று சற்றுப் பெரியது. அதில் வியூஃபைண்டர் உண்டு, பிடிக்க வாகான பிடியும் உண்டு. நீ சின்னதன் கட்சி. முகத்தை மறைத்துக்கொண்டு நின்றால் எதிரில் இருக்கிறவர்கள் விறைத்துப்போவார்கள் என்பது உன் வாதம். நம் ஊர் வெய்யிலில் திரையில் ஒன்றுமே தெரியாது என்பது என் வாதம். கேண்டீனில், பஸ்ஸில், கை கழுவும் இடத்தில், எல்லா இடத்திலும் இதே பேச்சு. ஒருநாள் சூப்பர்வைசர், ஏதாவது ஒன்றை வாங்கித் தொலையுங்களேன் என்று சலித்துக்கொண்டார்.

அப்போதுதான் ரேவதியின் வளைகாப்பு வந்தது. வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு நம் லைனுக்கு வந்தவள் அவள். பிறந்த வீட்டிலிருந்து யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்ததால் நாமே செய்வது என்று லைனில் எல்லாரும் பேசி முடித்தோம். நீ உடனே என் பக்கம் திரும்பி, "ரெண்டையும் வாடகைக்கு எடுப்போம். ஆளுக்கு ஒண்ணு. அன்னைக்கே தெரிஞ்சு போயிரும்" என்றாய். சென்னைக்குப் போய் ஒருநாள் வாடகைக்கு இரண்டையும் எடுத்து வந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை எத்தனை தடவை நினைத்திருப்பேன். ரேவதியின் வாடகை வீட்டு முற்றத்தில் ஷாமியானா. புளிசாதம், எலுமிச்சை சாதம், தட்டுத் தட்டாக வளையல். நான் பெரியதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நின்றேன். நீ சின்னதை இடுப்புயரத்தில் பிடித்து, திரையை மேலே மடக்கி, படமெடுப்பதே தெரியாமல் எல்லாரிடமும் பேசிக்கொண்டே சுற்றினாய். என் கேமராவைக் கண்டதும் ரேவதி தோள்களை இறுக்கிக்கொண்டாள். உன் பக்கம் திரும்பினால் சிரித்தாள். ஆனால் ஷாமியானாவை விட்டு வெய்யிலுக்கு வந்ததும் உன் திரை கறுப்புக் கண்ணாடியாகிவிட்டது. குத்துமதிப்பாக எடுத்து நாலைந்து பேருக்குத் தலையே இல்லாமல் செய்தாய். வளையல் போடும்போது வீடியோ எடுக்க ஆரம்பித்தாய், பாதியில் கேமரா சூடாகி அணைந்துவிட்டது. "ஏட்டி, அதைக் குடு" என்று என் கையிலிருந்து பெரியதைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாய்.

சாயங்காலம் எங்கள் வீட்டில் அண்ணனின் லேப்டாப்பில் எல்லாவற்றையும் ஏற்றினோம். அண்ணன் வேண்டுமென்றே கோப்புகளின் பெயரையெல்லாம் மாற்றி, ஒன்றாகக் கலக்கிவிட்டு, "இப்போ சொல்லுங்க, எது எதுல எடுத்தது?" என்றான். தலை வெட்டுப்பட்ட படங்களைத் தவிர வேறு எதையும் நம்மால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அறைக்குள் எடுத்தது எல்லாமே ஒரே மாதிரி கொஞ்சம் புள்ளி புள்ளியாகத்தான் இருந்தது. அத்தனை நாள் போட்ட சண்டையை நினைத்து நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

அப்போது அந்தப் படம் வந்தது. எல்லாரும் சாப்பிட எழுந்து போயிருக்கிறார்கள். ரேவதி மணையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல், கன்னத்தில் சந்தனம், முகம் மட்டும் தெருவாசல் பக்கம் திரும்பியிருக்கிறது. நீ சிரிப்பதை நிறுத்திவிட்டாய். யார் எடுத்தது என்று எனக்குத் தெரியும். என் கையிலிருந்து பிடுங்கிப் போனபின் நீ எடுத்தது அது.

மறுநாள் அதை ரேவதிக்கு அனுப்பினாய். அவள் வெகுநேரம் பார்த்தாள். உங்க அம்மாவுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டாய். வேண்டாம் என்றாள். நீ வற்புறுத்தவில்லை, அந்தப் பேச்சையே மறுபடி எடுக்கவில்லை. அவளாகத்தான் ஒருநாள் கேண்டீனில் நம் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். நம் கண்ணெதிரே அம்மாவுக்கு அந்தப் படத்தை அனுப்பினாள். வேறு ஒரு வார்த்தை எழுதவில்லை. பார்த்துவிட்டதற்கான நீலக் குறி வந்தது. பதில் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. "பாத்துட்டாங்கள்லா. அது போதும் இப்பதைக்கு" என்று அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாய்.

அந்த வாரமே உனக்குக் காய்ச்சல். ஊருக்குப் போய் அம்மா கையால் கஞ்சி குடித்தால் சரியாகிவிடும் என்று கிளம்பினாய். நீ திரும்பி வந்த பிறகுதான் கேமரா வாங்க வேண்டும், அதற்குள் நானாகப் போய்ப் பெரியதை வாங்கிவிடக் கூடாது என்று பஸ் ஏறும்போது மிரட்டினாய். டெங்கு என்று பிறகு சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று ஒரு நாள் செய்தி வந்தது. அடுத்து வந்த செய்தியை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

உன் ஊருக்கு நானும் ரேவதியின் கணவனும் வந்திருந்தோம். நிறைமாதம் என்பதால் அவளை அழைத்து வரவில்லை. உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ போனில் என்னைப் பற்றியே பேசுவாய் என்றார்கள். அந்த வளைகாப்புப் படங்களில் நீ ஒன்றே ஒன்றில்தான் இருந்தாய், இருட்டிப்போன திரையைக் கையால் மறைத்துக் குனிந்து பார்த்துச் சிரிக்கிறாய். அதை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு கேமரா என்ற வார்த்தையே எனக்குப் பிடிக்கவில்லை. போனில் அந்த வீடியோக்கள் தாமாக வந்து நின்றால் தள்ளிவிடுவேன். உன் நாற்காலிக்கு ஒரு புதுப் பெண் வந்தாள். பாவம், அவளிடம் நான் சரியாகப் பேசக்கூட இல்லை.

ரேவதிக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். கட்டில் பக்கத்தில் ஒரு அம்மாள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகத்தில் ரேவதியின் கண்ணும் மூக்கும் அப்படியே இருந்தன. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். நான் யார் என்று ரேவதி சொன்னதும் அவர்கள் தம் போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினார்கள்.

"இத யாரும்மா எடுத்தது?"

நீ என்று சொன்னேன். நீ இப்போது உயிரோடு இல்லை என்பதையும் சொன்னேன். அவர்கள் போனை முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி அந்தப் படத்தைப் பார்த்தார்கள்.

"இதுல இவ வாசலையே பாத்துகினு கீறா. அதப் பாத்துட்டு எப்டிம்மா வூட்ல குந்திகினு இருக்கறது? அவங்கப்பாவுக்குத் தெரியாமதான் வந்தேன். தெரிஞ்சா தெரியட்டும்."

இதைச் சொல்வதற்காகத்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீலக் குறியோடு நின்றுபோன அந்தக் கதையின் மிச்சம் இது. பஸ்ஸில் திரும்பும்போது அழுதேன். வெகு நாளைக்குப் பிறகு அந்த அழுகையில் பாரம் குறைந்தது மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் தள்ளி வைத்திருந்த வீடியோக்களில் ஒன்றைத் திறந்து முழுசாகப் பார்த்தேன்.

அதற்குப் பிறகும் வாங்க எனக்கு நாளாயிற்று. போன மாதம்தான் அண்ணனோடு கடைக்குப் போனேன். சின்னதைத்தான் வாங்குவது என்று உறுதியாக இருந்தேன். உனக்காக. விற்பனைப் பையன் பில் போடப் போனபோது, ஒருமுறை வெளியே எடுத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டு, இரண்டையும் வாங்கிக்கொண்டு கடைவாசலுக்கு வந்தேன். நல்ல வெய்யில். சின்னதன் திரையில் என் முகம்தான் தெரிந்தது. பெரியதைக் கண்ணில் வைத்தேன். எதிரில் சர்பத் விற்கிறவர், ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்கும் சீருடைப் பெண்கள், எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. செத்துப்போனவளுக்குப் பாவம் பார்த்து நான் தோற்றால் நீ என்னை என்ன பேச்சுப் பேசுவாய் என்று யோசித்தேன். அந்தப் படத்தை நீ இதில்தான் எடுத்தாய் என்பதும் ஞாபகம் வந்தது. பெரியதையே வாங்கினேன். திட்டுவதாயிருந்தால் திட்டிக்கொள். அந்தப் புதுப் பெண்ணிடமும் இப்போது பேசுகிறேன். லைட் பிடிக்க ஒரு நாள் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

முதல் வேலை, போன வெள்ளிக்கிழமை வல்லக்கோட்டை முருகன் கோயிலில் ரேவதி மகனுக்கு மொட்டையும் காதுகுத்தும். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டுமே. ரேவதியின் அண்ணன் வருவானா மாட்டானா என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. அவனுக்குப் பதிலாக என் அண்ணனை உட்கார வைப்பது என்று பேசி, அவனும் வேட்டி கட்டிக்கொண்டு தயாராக நின்றான். மொட்டை அடித்தாயிற்று, காது குத்த ஆசாரி ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். அப்போது அவள் அம்மாவுக்குப் பின்னால், தட்டில் துணிமணியோடு ஒருத்தர் படியேறி வந்தார். ரேவதி தன் அண்ணனைக் கண்டதும் எழுந்தாள். குழந்தையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

அவர் மணையில் உட்கார்ந்தார். அந்நியர் வீட்டுப் பிள்ளையைப் பிடிப்பதுபோல நெஞ்சிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார். மாப்பிள்ளை பக்கம் திரும்பவே இல்லை. நான் கேமராவைக் கண்ணில் வைத்ததும் அவர் முகம் இன்னும் இறுகியது. இப்படி எடுத்தால் இந்தப் படம் காலத்துக்கும் இப்படியே இருக்குமே என்று பயந்துபோய்க் கேமராவை இறக்கினேன். அவரைப் பார்த்துப் பேசினேன்.

"அண்ணே, சாப்ட்டீயளா? புள்ளைய நல்லா அணைச்சுப் பிடிங்க. உங்களத்தான பாத்துட்டு இருக்கான்."

அவர் குனிந்து பார்த்தார். மொட்டைத் தலையும் சந்தனமுமாகக் குழந்தை நிஜமாகவே அவரைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கைகள் தாமாக இழுத்துக்கொண்டன. சிரித்துவிட்டார். எடுத்துவிட்டேன். அடுத்த நொடி ஊசி இறங்கி, பிள்ளை வீரிட்டு, அவர் கண்ணும் கலங்கி, மாப்பிள்ளை ஓடிவந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். அதையும் எடுத்தேன்.

பந்தியில் அவர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க தெக்கத்தி ஆளாம்மா? பேச்சு அப்டி கீதே" என்று கேட்டார். அப்படிப் பேசினேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "நான் இங்கதாங்கண்ணா, பக்கத்து ஊரு. என் ஃப்ரெண்டுதான் அந்தப் பக்கம்" என்றேன்.

வரும் ஞாயிறு சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் ஒரு பிறந்தநாளுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பழக்கமில்லாத வீடு, பழக்கமில்லாத முகங்கள். கேமராவில் இன்னும் பாதிப் பொத்தான்கள் எதற்கென்று எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்வேன். ஆனால் அந்த வாசலில் நுழைந்ததும் அவர்களிடம் முதலில் என்ன பேசுவது என்பது எனக்குத் தெரியும். அதை நீ பேசுகிற மாதிரியே பேசுவேன்.