பகலில் கடிக்காத பாம்பு

வத்தேகம
4.11.1931

அன்புள்ள மச்சான் முனாபுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கு நாங்கள் இருவரும் சுகம். "காக்கா இந்தப் பக்கம் தலை வெச்சும் படுக்கிறதில்ல" என்று உங்கள் தங்கை மஸீனாவுக்கு அண்ணன் மேல் குறை.

காட்டை ஒட்டிய நம் ஏலக்காய்த் தோட்டத்தில் ஒரு பாம்பு அகப்பட்டது. கறுப்பு உடம்பு, மெல்லிய வெள்ளை வளையங்கள். இப்படி ஒன்றை இங்கே யாரும் கண்டதில்லை. விஷம் என்று பயந்து, ஏலம் ஆயும் பெண்கள் வேலைக்கு வர மறுக்கிறார்கள். கம்பால் தொட்டுப் பார்த்தேன், சீறவுமில்லை, கொத்தவுமில்லை. உங்கள் புடைவைக் கடைக்கு வரும் அந்தப் பாம்புப் பைத்தியம் டாக்டர் துரையிடம், விஷமில்லை என்று ஒரு வரி வாங்கி அனுப்புங்கள். வாசித்துக் காட்டினால் வந்துவிடுவார்கள்.

உங்கள் மச்சான்
ஹபீல்

கண்டி
6.11.1931

அன்பு மச்சானுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

துரையிடம் கேட்டேன். அந்த நிறத்தில் இரண்டு சாதி உண்டாம். ஒன்று வெறும் வேஷம், பல்லி தின்று பிழைப்பது. மற்றது ஆளைக் கொல்வது. அரிதாகத்தான் கண்ணில் படுமாம். பார்க்காமல் ஒரு வரியும் தரமாட்டாராம். கொன்று, அழுகாமல் சாராயப் போத்தலில் போட்டு பஸ்ஸில் அனுப்பச் சொல்கிறார். கையால் தொடாதீர்கள். மஸீனாவுக்கு ஸலாம்.

முனாப்

வத்தேகம
9.11.1931

மச்சான் அவர்களுக்கு,

நல்ல யோசனை சொன்னீர்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் என்னைச் சாராயத் தவறணை வாசலில் நிறுத்தப் பார்க்கிறீர்கள். பிறகு ஜும்மாவுக்கு எந்த முகத்தோடு போவேன்? ஆள் விட்டு வாங்கினாலும் அந்தப் போத்தல் என் வீட்டுக்குள்தானே வர வேண்டும்.

ஆகவே உயிரோடு ஒரு மண்முட்டிக்குள் விட்டு, வாயைச் சீலையால் கட்டிக் குசினியில் அடுப்பு விறகு மூலையில் வைத்திருக்கிறேன். பகல் முழுக்கத் தலையை உடம்புக்கடியில் ஒளித்துச் சுருண்டு கிடக்கிறது, புதுப்பெண் தோற்றாள். முதுகு நடுவே ஒரு வரிசைச் செதில் மட்டும் பெரிதாக, ஆறு மூலையாக இருக்கிறது. துரையிடம் சொல்லுங்கள். மழை விட்டதும் நானே கொண்டு வருகிறேன்.

மஸீனாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "அடைச்சு வெச்ச உசிருக்கு மறுமைல பதில் சொல்லோணும்" என்றவள், என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஹபீல்

கண்டி
12.11.1931

மச்சான்,

உங்கள் கடிதம் இன்று காலைதான் வந்தது. ஓடிப்போய் வாசித்துக் காட்டினேன். ஆறு மூலைச் செதில் என்றதும் துரையின் சிரிப்பு நின்றுவிட்டது.

அது கரவலா, கட்டுவிரியன் சாதி, மலைக்காட்டில் மட்டும் இருக்கும் வகை. பகலில் சாது, இருட்டினால் வேறு பாம்பு. பாயில் படுத்திருப்பவர்களைக் கடிக்குமாம். நோகாதாம். பிறகு கண் சொருகும், நாக்குக் குழறும். பார்ப்பவர்களுக்குத் தூக்கம் போலவே இருக்கும், அப்படியே மூச்சு நின்றுவிடும். அப்படி ஏதும் கண்டால் ஒரு கணமும் தாமதியாமல் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டுமாம்.

சீலையை அவிழ்க்காமலே கொதிநீர் ஊற்றிக் கொன்றுவிடுங்கள். மஸீனாவைக் கட்டிலில் படுக்கச் சொல்லுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

முனாப்

வத்தேகம
12.11.1931

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. இனி அவசரமுமில்லை, பாம்பு போய்விட்டது. அதற்குக் காற்று வேண்டுமென்று நேற்றிரவு மஸீனா சீலையைத் தளர்த்தி விட்டிருக்கிறாள். விடியப் பார்த்தால் முட்டி காலி. கத்தத்தான் போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மனம் வரவில்லை.

பாவம், களைத்துப் போயிருக்கிறாள். ஆட்கள் வராததால் ஏலம் ஆய்வதும் காயவைப்பதும் அவள் தலையில்தான் விழுந்தன. இரவு பாயில் கிடந்து காலைச் சொறிந்தாள். கேட்டதற்கு, "எறும்பு கடிச்சிரிக்கும், நீங்க படுங்க" என்றாள். விடியற்காலை ஸுபஹுத் தொழுகைக்கு எழுந்தவள் கண்ணைத் திறக்க முடியவில்லை என்று உட்கார்ந்துவிட்டாள். காக்காவுக்கு ஸலாம் எழுதச் சொன்னதுகூடக் குழறலாகத்தான் வந்தது.

இப்போது அசந்து தூங்குகிறாள். நடுப்பகல் லுஹருக்கு பாங்கு சொல்லியாயிற்று. இன்றைக்கு மட்டும் எழுப்பாமல் இருக்கிறேன்.

உங்கள் மச்சான்
ஹபீல்