மெட்டில்டாவின் 1030

4-11-1968, திங்கள்
செம்பாக்கம் ஏரியிலிருந்து பத்ரி அண்ணா சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த மண் காய்ந்துவிட்டது. இடித்துச் சலித்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐம்பது கிராம் என்று கரைத்தோம். கலங்கல் தண்ணீரில் நீர்மானியை மிதக்கவிட்டு அடர்த்தி பார்த்தால், மழைக்கு ஏரிக்குள் எவ்வளவு மண் வருகிறது என்று கணக்குப் போடலாம். தபீதாள் டீச்சரின் யோசனை. டிசம்பரில் செங்கல்பட்டுப் பொருட்காட்சிக்கு நானும் மெட்டில்டாவும் போகிறோம். ஒரே ஜாடியைக் காலையில் அவள் அளப்பாள், மாலையில் நான். இரண்டும் ஒத்துப்போனால்தான் அட்டையில் எழுதலாம்.

அவள் எழுதியது 1030. எனக்கு வந்தது 1019.

5-11
அவளுக்கு 1030. எனக்கு 1018.

6-11
வெறும் தண்ணீரில் இரண்டு பேருக்கும் 1000. ஆகவே கருவியில் தவறில்லை, கண்ணிலும் இல்லை.

நான் புத்தகத்தில் உள்ளபடிதான் செய்கிறேன். கலக்கிவிட்டு, நீர்மானியை இறக்கி, அது அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து (கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம்), கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து படிக்கிறேன். மெட்டில்டா கரண்டியால் ஒரு கலக்கு, ஒரு பார்வை, எழுதிவிடுகிறாள். இவ்வளவு அவசரத்தில் தினமும் எப்படி அதே எண் வரும்?

கேட்டேன். "கண்ணு இருக்கு, பாத்தேன். நீதான் பூஜைக்கு உக்காந்த மாதிரி உக்காந்திருக்கே" என்றாள்.

இரவு சாப்பாட்டுக்குமுன் கணக்குப் போட்டேன். ஐம்பது கிராம் மண்ணுக்கு வர வேண்டிய விடை 1031. ஓஹோ. விடையை வீட்டில் போட்டுக்கொண்டு வந்து எழுதுகிறாளா?

8-11
லாபில் உப்பு பாட்டில் குறைந்திருப்பதுபோல் தெரிந்தது. உப்புப் போட்டாலும் அடர்த்தி ஏறும். யாரும் பார்க்காதபோது ஜாடிக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். மண் ருசிதான். அண்ணாவிடம் சொல்லித் தொலைத்தேன். "ஏரியையே குடிச்சுட்டு வந்துட்டியா சுந்தரவல்லி?" என்று சிரிக்கிறான்.

ஆனால் காலையில் லாபில் அவளைத் தவிர யாரும் இல்லை. அவள் அப்பா ஏசுபாதம்தான் லாப் அட்டெண்டர். சாவி அவரிடம். அவர் திறந்துவிட்டுப் பெருக்கப் போய்விடுவார். பிறகு என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

11-11, திங்கள்
டீச்சரிடம் சொல்லிவிட்டேன். சந்தேகம் என்று மட்டும்தான் சொல்ல நினைத்தேன். வாயில் சாவி விஷயமும் வந்துவிட்டது.

மத்தியானத்துக்குள் ஹெட்மிஸ்ட்ரஸ் ஏசுபாதத்தைக் கூப்பிட்டு விளக்கம் எழுதித் தரச் சொல்லிவிட்டார். லாபிலிருந்து எடுத்து வாசல் கேட் காவலுக்கு மாற்றிவிடுவார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். சாவி இப்போதைக்கு என்னிடம்.

மெட்டில்டா குழாயடியில் வழிமறித்தாள். அழவில்லை. "என்னை என்ன வேணா சொல்லிக்கோ. எங்கப்பாவை ஏன் இழுத்தே?"

நான் உண்மையைத்தானே சொன்னேன்?

13-11
இன்று தனியாக அளந்தேன். நீர்மானியை இறக்கியதும் 1030 பக்கத்தில் ஆடியது. பத்து நிமிடம் ஆகவில்லை என்பதால் எழுதவில்லை. அதற்குள் டீச்சர் கூப்பிட்டார். பூட்டிவிட்டுப் போனேன். முக்கால் மணி கழித்து வந்தால் 1014!

யார் வந்தது? ஜன்னல் கொக்கிகள் எல்லாம் போட்டபடியே இருந்தன. ஏசுபாதத்திடம் இன்னொரு சாவி இருக்குமோ?

14-11
குழந்தைகள் தினம். கீழே பாட்டுப்போட்டி. நான் லாப் கதவை உள்பக்கம் தாழிட்டு, கலக்கி, ஜாடியின் முன்னால் உட்கார்ந்தேன். யார் வருகிறார்கள் பார்ப்போம் என்று.

யாரும் வரவில்லை. நீர்மானி என் கண் முன்னாலேயே இறங்கியது. ஒரு நிமிடத்தில் 1028. மூன்றில் 1024. பத்தில் 1019.

ஜாடியின் அடியில் விரல் தடிமனுக்கு மண். நான் தினமும் காத்திருந்த பத்து நிமிடத்தில் மண் கீழே போய்க்கொண்டிருந்திருக்கிறது. புத்தகம் சொன்னது உப்புத் தண்ணீருக்கு. உப்பு கரைந்தது கரைந்ததுதான். மண் கரைவதே இல்லையே — மிதக்கிறது, அவ்வளவுதான். இது எனக்கு ஏன் தோன்றவில்லை? கலக்கிய கையோடு படித்த அவள்தான் சரியாக அளந்திருக்கிறாள்.

நாளைக்கு எப்படிச் சொல்வேன். ஐயோ, எப்படிச் சொல்வேன்.

15-11
டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நானும் ஒரு தடவை கிட்ட நின்னு பாத்திருக்கணும்" என்றார். ஹெட்மிஸ்ட்ரஸிடம் அழைத்துப் போனார். "தெரிஞ்சுதே, நல்லது. அவரை மாத்தலை. ஆனா சாவி இனிமே ஆபீஸ்லயே இருக்கட்டும்" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

ஏசுபாதம் சோதனைக்குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். "உட்டுத் தள்ளும்மா. பதினாறு வருசமா இங்கதான் கீறேன். இனிமே தெனம் கையெழுத்துப் போட்டு வாங்கணும், அவ்ளோதான்." என்னைப் பார்க்காமலே சொன்னார்.

6-12, வெள்ளி
செங்கல்பட்டு. எங்கள் மேஜைக்கு வந்த கல்லூரி வாத்தியார் ஒருவர், கலக்கி அரை நிமிடத்துக்குள் படிக்க வேண்டும் என்று அட்டையில் ஏன் எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"அதைக் கண்டுபிடிச்சது இவதான் சார். எப்படின்னு இவளையே கேளுங்க" என்றாள் மெட்டில்டா.

கேலியா, நிஜமா? முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. மண் இறங்குவதைச் சொன்னேன், காத்திருந்து தவறாக அளந்ததையும் சொன்னேன். அவர் "சபாஷ்" என்று எனக்குக் கை கொடுத்தார்.

திரும்பும்போது ரயில் வண்டலூரைத் தாண்டியது. மெட்டில்டா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "பாதிதான் சொன்னே" என்றாள்.

9-12, திங்கள்
காலைப் பிரேயரில் டீச்சரிடம் கேட்டுக்கொண்டு மேடையேறி, மீதியை, மெட்டில்டாமீதும் அவள் அப்பாமீதும் வீண்பழி போட்டதைச் சொன்னேன். ஏசுபாதம் பின்வரிசையில் நின்றிருந்தார்.