மூன்று நாள் மெட்ராஸ்

முக்கூடல்
4.9.2024

முத்துராணி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள்.

போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. காகிதத்தில் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் கடிதம்.

காலாண்டு லீவில் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்துக்கும் பூட்டுப் போட்டுவிடுவார்கள். என்னோடு சமைக்கிற ஞானம்பாளும் நானும் மூன்று நாள் மெட்ராஸைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம். முப்பதாம் தேதி நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஞானம்பாளுக்கு விமானம் தரையிறங்குவதைப் பார்க்க வேண்டுமாம்.

உங்களுக்குத் தொந்தரவு கொடுக்க வரவில்லை. ஆறு வருசமாக அங்கே மளிகைக் கடையில் நிற்கிறீர்கள், ஊர் அத்துப்படியாகியிருக்கும். பெண்கள் இரண்டு பேர் பயமில்லாமல் தங்க ஓர் இடம் சொன்னால் போதும்.

நம் சுகன்யாவிடம் சொன்னேன். கல்யாணமாகிப் போனாலும் அவளுக்கு வாய் குறையவில்லை. “அப்பாவப் பாக்கவா போற?” என்று கேட்டாள். மெட்ராஸைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன்.

இப்படிக்கு,
முத்துராணி


சென்னை, வடபழனி
10.9.2024

முத்துராணிக்கு,

உன் கடிதம் வந்தபோது கடையில் நல்ல கூட்டம். உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் உளுந்து கேட்ட அம்மாளுக்குத் துவரையை நிறுத்துக் கொடுத்துவிட்டேன்.

எழும்பூரில் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே பெண்கள் விடுதி ஒன்று இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. தண்ணீர் மட்டும் நம் ஊர்த் தண்ணீர் மாதிரி இருக்காது, பொறுத்துக்கொள்.

முதல் நாள் காலையில் கபாலீசுவரர் கோவில், மத்தியானம் மியூசியம், சாயங்காலம் மெரினா. இரண்டாம் நாள் வண்டலூர் மிருகக்காட்சி சாலை, வரும் வழியில் விமானம், பிறகு தி.நகரில் துணிக்கடை. மூன்றாம் நாள் மெட்ரோ ரயில், பெசன்ட் நகர் மாதா கோவில், நேரம் மிச்சமிருந்தால் மறுபடியும் தி.நகர். நானே கூட வந்து காட்டலாம் என்று நினைக்கிறேன். ஞானம்பாளுக்கு வழி தெரியாதல்லவா.

முதலாளி ஜேசுதாசன் அண்ணாச்சியிடம் லீவு கேட்டேன். “பெத்த பிள்ள கல்யாணத்துக்கே ரெண்டு நாளுதான கேட்ட. இப்ப மூணு நாளு எதுக்குலே?” என்றார். வீட்டுக்காரி வருகிறாள் என்று சொன்னேன். அவர் சிரிப்பு தெருமுனைவரை கேட்டிருக்கும். “அத மொதல்லயே சொல்லப்படாதா. போலே, போயி முடிய வெட்டு” என்றார்.

வெட்டிக்கொண்டேன்.

செந்தூர்பாண்டி


முக்கூடல்
15.9.2024

அத்தானுக்கு,

நீங்கள் எழுதியதைச் சத்துணவுக் கூடத்தில் வாசித்துக் காட்டினேன். ஞானம்பாள் அரிசி களைவதை விட்டுவிட்டுச் சிரித்தாள். மூன்று நாளில் மெட்ராஸை விலைக்கு வாங்கப் போகிறோமா என்ன? மிருகக்காட்சி சாலை வேண்டாம். களக்காட்டில் சொந்தக்காரர்கள் வாழைத் தோட்டத்தில் தினம் பன்றி விரட்டுகிறார்கள். மியூசியமும் வேண்டாம். பூமிக்குள்ளே ஓடுகிற ரயிலில் ஏற வேண்டும். பிறகு நீங்கள் நிற்கிற கடையைப் பார்க்க வேண்டும். ஆறு வருசமாக எங்கே நிற்கிறீர்கள், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்று எனக்கு மனசில் படம் வரவே இல்லை.

சுகன்யா கல்யாணப் பேச்சு எடுத்தீர்கள். திருச்செந்தூரில் தாலி கட்டி முடிந்ததும் அங்கிருந்தே மெட்ராஸ் பஸ் ஏறிவிட்டீர்கள். பக்கத்தில் நின்று ஆசீர்வாதம் செய்தோமே, எப்படியும் வீட்டுக்கு ஒரு எட்டு வருவீர்கள் என்று, நீங்கள் போனது தெரியாமல் அன்றைக்கு ராத்திரி உங்களுக்கும் சேர்த்து உலை வைத்திருந்தேன். சண்டைக்காக எழுதவில்லை. சொல்லாமல் வைத்திருந்தேன், எழுதும்போது வந்துவிட்டது.

அந்த விடுதியில் நீங்கள் பார்த்த அறையில் ஜன்னல் உண்டா?

முத்துராணி


சென்னை
19.9.2024

ராணிக்கு,

ஜன்னல் உண்டு. வேப்பமரமும் தெரிகிறது.

உலை வைத்தது எனக்குத் தெரியாது. நீ கூப்பிடுவாய் என்று பஸ் கிளம்புகிற வரைக்கும் மண்டபத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கல்யாணப் பாத்திரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாய்.

கடையில் நான் வாசலைப் பார்த்துத்தான் நிற்பேன். இடது பக்கம் பருப்பு, வலது பக்கம் எண்ணெய்.

செந்தூர்பாண்டி


முக்கூடல்
23.9.2024

அத்தானுக்கு,

அவசரத்தில் எழுதுகிறேன். ஞானம்பாள் ஆற்றுக்குக் குளிக்கப் போய்ப் படித்துறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டுவிட்டது, மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பயணம் முடியாது. விமானம் போச்சே என்று அழுகிறாள்.

நான் தனியாக எப்படி வருவேன்? திருநெல்வேலியைத் தாண்டித் தனியாகப் போனதே இல்லை. டிக்கெட்டை ரத்து செய்துவிடலாம் என்று இருக்கிறேன். அண்ணாச்சியிடம் லீவு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

முத்துராணி


சென்னை
26.9.2024, விரைவுத் தபால்

ராணி,

ரத்து செய்யாதே.

நான் லீவு போட்டது ஞானம்பாளுக்கு ஊர் காட்ட அல்ல. கோவில், மிருகக்காட்சி எதுவும் வேண்டாம். எழும்பூரில் நீ இறங்கும்போது உன் பெட்டிக்கு நேராக நிற்பேன். வண்டி எத்தனை மணி நேரம் தாமதமானாலும் நிற்பேன். நீ தனியாக ஏறினால் மட்டும் போதும்.

உன்,
பாண்டி


முக்கூடல்
28.9.2024

அத்தான்,

ஏறுகிறேன். எஸ் ஆறு, ஜன்னல் சீட்டு. இது உங்கள் கையில் கிடைப்பதற்குள் நானே வந்துவிடுவேன் போல.

ராணி


முக்கூடல், நம் வீடு
7.10.2024

ராணி,

இன்றைக்குப் பள்ளிக்கூடம் திறந்ததால் நீ விடியவே கிளம்பிவிட்டாய். மூன்று நாளாக நேரில் சொல்ல நினைத்தேன், வெட்கமாக இருந்தது. உன் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மெட்ராஸில் நீ ஒன்றுமே பார்க்கவில்லை என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். முதல் நாள் மழை. கடையைப் பார்க்கணும் என்று வந்தவள், இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு சாயங்காலம்வரை பருப்புப் பக்கம் நின்றாய். வந்தவர்கள் எல்லாம் உன்னிடமே கேட்டு வாங்கினார்கள். அண்ணாச்சிக்கு என்னைத் திட்ட நேரமே கிடைக்கவில்லை. மறுநாள் மெட்ரோவில் விம்கோ நகருக்கும் விமான நிலையத்துக்குமாக இரண்டு தடவை போய் வந்தோம். பூமிக்குள் போகும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டாய். மேலே வந்த பிறகும் விடவில்லை. மூன்றாம் நாள் வேப்பமரத்தடி பெஞ்சில் பேசிக்கொண்டே இருந்ததில் மெரினா போகவே இல்லை.

திரும்பும் பகல் ரயிலில் உன் பையை வைத்துவிட்டு, தாம்பரத்தில் இறங்கிவிடுகிறேன் என்றுதான் ஏறினேன். தாம்பரம் வந்ததும், “எறங்கலியா?” என்று கேட்டாய். “செங்கல்பட்டுல எறங்கிக்கிடுதேன்” என்றேன். விழுப்புரத்திலும் கேட்டாய். திருச்சிக்குப் பிறகு நீ கேட்கவில்லை. நடைமேடை டிக்கெட்டோடு உட்கார்ந்திருந்த எனக்குப் பரிசோதகர் அபராதம் போட்டபோது, நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாய். கல்யாணமான புதிதில் அப்படிச் சிரிப்பாய்.

காலையில் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். எப்போது வருகிறாய் என்று கேட்டார். வரவில்லை என்றேன். மறுபடியும் அதே சிரிப்பு. பிறகு, “பாளையங்கோட்டைல என் தம்பி கட இருக்கு. அங்கன போயி நில்லு. ராத்திரி வீட்டுக்குப் போயிரலாம். ஒன் பெட்டிய லாரில போட்டு விடுதேன்” என்றார். அடுத்த திங்கட்கிழமை சேரச் சொல்லியிருக்கிறார்.

இதுதான் சொல்ல நினைத்தது. இனி நான் இங்கேதான், உனக்குச் சம்மதம் என்றால்.

பதில் எழுத வேண்டாம். வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வா. சோறு வடித்து வைத்திருக்கிறேன். கொஞ்சம் குழைந்துவிட்டது.

பாண்டி