போனுக்குள் கேட்ட கீபோட் சத்தம்

டோர்செட் பார்க், ஸ்காபரோ
1998 நவம்பர்

அன்பு மகள் ஸ்டெபனிக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அப்பாவும் நானும் ஆண்டவர் துணையால் சுகம். வான்கூவரில் நீயும் சுகமாய் இருக்க வேண்டுமென்று மாதாவிடம் கேட்டபடிதான் இருக்கிறேன், உன்மேல் இவ்வளவு கோபம் இருந்தும் அந்த மன்றாட்டை மட்டும் நிறுத்த முடியவில்லை. அப்பாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. கஸ்பர் மாமா பிக்கரிங்கில் வீடு வாங்கிவிட்டார், வருகிற சனிக்கிழமை ஃபாதர் வந்து ஜெபித்து வீடு மந்திரிக்கிறாராம், அப்பா போவார், எனக்கு நாலு பேர் முகத்தில் முழிக்க மனமில்லை. ஏன் போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்ல நீ இங்கிலிஷில் பத்து விளக்கம் சொல்லுவாய், நான் ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். கடிதத்தில் உன்னால் குறுக்கே கதைக்க ஏலாது, ஆகவே முழுக்க வாசி.

எங்கள் டேட்டா என்ட்ரி அறையில் ஆளுக்கொரு எண் இருப்பதும், அந்த எண்ணைப் போட்டுத்தான் படிவங்களை அடிக்கத் தொடங்குவதும் உனக்குத் தெரியும். மேல் மாடி வேரோனிக்கா அக்காவுக்கு மணிக்கட்டு நோகிற நாட்களில் நானும் கிளடிசும் அவவின் படிவக் கட்டிலிருந்து கொஞ்சம் எடுத்து, அவவின் எண்ணிலேயே அடித்துக் கொடுப்பதும் தெரியும். எல்லாம் நான் சொல்லித்தான் தெரியும். போன கோடை முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் நீ போன் எடுத்து, அம்மா கை நொந்தா என்ன செய்வீங்கள், ஒராளின்ட நம்பரை இன்னொராள் போட்டா மானேஜருக்குத் தெரியாதோ, சும்மாதான் கேக்கிறன் என்று கேட்டாய். பிள்ளை பெரிய உத்தியோகத்துக்குப் போயும் என்ட வேலையில அக்கறைப்படுகிறாள் என்று அப்பாவிடம் பெருமையடித்தேன். நீ கேட்கும்போது போனுக்குள் கீபோட் சத்தம் கேட்டது. நாள் முழுக்க அந்தச் சத்தத்துக்குள் இருக்கிற எனக்கு அது தெரியாமல் போகுமா? பாவம், ஞாயிறும் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டு அம்மாவோடும் கதைக்கிறாள் என்று இரக்கப்பட்டேன். நான் சொன்னதைத்தான் நீ அடித்துக்கொண்டிருந்தாய் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

போன மாதம் எங்கள் கொம்பனி புது புரோகிராம் வாங்கியது. அதைப் பழக்க வந்தவர் உங்கள் ஆபீஸ் ஆள் என்று தெரிந்ததும் எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. என்ட மகளின்ட கொம்பனி என்று கிளடிசிடம் சொன்னேன், வேரோனிக்கா அக்காவிடம் சொன்னேன். அவர் எங்கள் எல்லாரையும் இருத்தி வைத்து, ஒவ்வொருவர் விரலும் அடிக்கிற விதத்தைக் கம்பியூட்டர் பழகிவிடும், எண் ஒருவருடையதாயும் கை வேறொருவருடையதாயும் இருந்தால் உடனே மானேஜருக்குச் சொல்லும் என்றார். எங்கள் மானேஜர் றொபேட், இது கட்டாயம் தேவையோ என்று கேட்டார், அந்த மனிசன்கூடக் கேட்டார். அதற்கு வந்தவர், வேண்டாமென்றால் அதை நிறுத்தி வைக்கலாம், ஆனால் வேலை செய்கிற நிலையில் வைத்துத்தான் அனுப்ப வேண்டுமென்பது எங்கள் புரொஜெக்ட் மானேஜரின் முடிவு, அவவின் அம்மாவும் இதே வேலைதான், இப்படியான அறைகளில் உள்ளுக்குள் என்ன நடக்கிறதென்று அவவுக்கு நன்றாய்த் தெரியும் என்று சிரித்துக்கொண்டு சொன்னார். வேரோனிக்கா அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பட்டி கட்டிய கையை மேசைக்குக் கீழே வைத்தா. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

பிறகு நடந்ததை நீயே ஊகிப்பாய். அந்த அறைக்குள் பழகிய பழக்கத்தை ஒரு நாளில் விட முடியுமா, அவவுக்குக் கை நோகிறதைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது? அடுத்த கிழமையே அவவின் எண்ணில் அடித்தேன், அடுத்த நாளே றொபேட் கூப்பிட்டார். கேட்டதற்கு ஓம் என்றேன், எனக்கு வார்னிங் தந்தார். வேரோனிக்கா அக்காவை வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார்கள். கதிரையில் போட்டிருந்த குஷனையும் மாதா படத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தா. இத்தனை வருஷமாய் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வந்த நாங்கள், அன்றைக்கு அவ முன் சீற்றில் தனியே இருந்தா. இறங்கும்போதுதான், நீர் பிள்ளைக்குச் சொன்னனீரோ என்று கேட்டா. ஓம் அக்கா என்றேன். பிள்ளையோட கதைக்கிறதில என்ன பிழை எமில்டா என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் போய்விட்டா. ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அன்றிரவு உனக்குப் போன் எடுத்தபோது நீ என்ன சொன்னாய்? நான் ஒருத்தற்ற பேரும் சொல்லேல்லையே அம்மா, எப்பிடிப் பாவிக்கிறதெண்டது வாங்கினவையின்ட முடிவு என்றாய். பேர் சொல்லவில்லைதான். ஆனால் நிறுத்தி அனுப்பவும் உனக்கு அதிகாரம் இருந்தது, திறந்து அனுப்பவும் இருந்தது, நீ திறந்து அனுப்பினாய். அது வாங்கினவர்களின் முடிவல்ல, உன் முடிவு. களவாய் அடிப்பது சரியோ என்று நீ கேட்கலாம், அதைக் கேட்க முதலாளிக்கு உரிமை இருக்கிறது. நான் அதை முதலாளிக்குச் சொல்லவில்லை, கொம்பனிக்கும் சொல்லவில்லை, என்ட பிள்ளைக்குச் சொன்னேன். நீ ஒரு நாளாவது, அம்மா இதை நான் என்ட வேலைக்குப் பாவிக்கப்போறன் என்று சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அது தெரிந்துதான் நீ சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் கிடக்கிறது.

உங்கள் கொம்பனி இதை இன்னும் எத்தனை அறைகளுக்கு விற்கப்போகிறதோ, அங்கேயும் கை நோகிற பெண்கள் இருப்பார்கள். இனி அனுப்புவதிலாவது அந்த விரல் பார்க்கிறதை நிறுத்தி அனுப்பச் சொல். றொபேட்டுக்கும் நீயே போன் எடுத்து, அக்காவின் கை வருஷக்கணக்காய் அடித்துத்தான் இப்படி ஆனதென்று சொல், மானேஜர் சொன்னால் மானேஜர் கேட்பார்.

நத்தாருக்கு வர டிக்கெட் எடுத்துவிட்டாய் என்று அப்பா சொன்னார், வா. வழக்கம்போல மேல் மாடிக்கு, அக்கா வீட்டுக்கு, கேக்கை நீதான் கொண்டு போக வேண்டும், இந்த முறை நான் கூட வரமாட்டேன். நான் ஓவர்டைம் செய்த நாட்களில் பள்ளிக்கூடத்தால் வந்து நீ சாப்பாட்டுக்கு நின்ற அதே கதவுதான். அவ திறந்தவுடன், சாப்பிட்டியோ பிள்ளை என்றுதான் கேட்பா. அதற்கு என்ன சொல்லுவதென்று இப்போதே யோசித்து வை.

மழைக்குள் குடையில்லாமல் திரியாதே, உனக்குச் சளி பிடித்தால் இலேசில் விடாது. ஞாயிறு போன் எடுக்காமல் இருந்துவிடாதே, அப்பா பார்த்துக்கொண்டிருப்பார். நானும் கதைப்பேன், ஸ்னோவைப் பற்றிச் சொல்லுவேன், கஸ்பர் மாமா வீட்டைப் பற்றிச் சொல்லுவேன். வேலை எப்படி அம்மா என்று மட்டும் கேளாதே. கேட்டால் றொபேட்டுக்குச் சொல்லுகிற பதிலைத்தான் உனக்கும் சொல்லுவேன், எல்லாம் நல்லாய்ப் போகுது என்று.

ஆண்டவர் உன்னைக் கைவிடாமல் காப்பாராக.

உன் அம்மா,
எமில்டா